டிக்கிக்கு ஆறு மூட்டை: ஒரு சின்ன எஸ்யூவியோடு பதினான்கு மாதம்

சம்பா அறுப்பு முடிந்து, நெல்லை அவித்துக் காயவைத்து, பாபநாசம் பக்கத்து மில்லில் அரைத்து வரும் புழுங்கல் அரிசியில் எட்டு மூட்டை தாம்பரத்தில் இருக்கும் பெரிய மகள் வீட்டுக்குப் போகும். அவளுக்குக் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து இதுதான் வழக்கம். மூட்டை என்றால் 25 கிலோ சிப்பம். ஆறு அவளுக்கு, இரண்டு அவள் மாமியாருக்கு. சென்னையில் அரிசி கிடைக்காதா என்று கேட்கக் கூடாது. ஒன்பது மா, அதாவது கிட்டத்தட்ட மூன்று ஏக்கர் நிலத்தை வைத்துக்கொண்டு பிள்ளையைக் கடை அரிசி வாங்க விட்டால் இங்கே நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

2025 பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் வாங்கிய புது வண்டியோடு அந்த எட்டு மூட்டைக்காகத்தான் மில்லுக்குப் போனேன். ஏற்றிவிடும் பையன் ஆறு மூட்டையை வரிசையாக அடுக்கினான். ஏழாவதை மேலே சாய்த்து வைத்து டிக்கிக் கதவை இழுத்தான். பாதியில் நின்றது. தோளைக் கொடுத்து அழுத்தப் போனவனை நான்தான் தடுத்தேன்.

"சாத்தாதுண்ணே, கண்ணாடி போயிரும். ஒண்ண இறக்கிரவா?" என்றான். எட்டாவது மூட்டை இன்னும் அவன் காலடியில் கிடந்தது.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன். யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாக மாறிய 2018இல், வந்த ஒவ்வொருவருக்கும் உட்காரவைத்து விளக்கம் சொன்னவன். மூட்டைக் கணக்கில் நான் ஏமாறுவேன் என்று நினைக்கவே இல்லை. வண்டியோடு வந்த விளம்பரத் தாளில் டிக்கி கொள்ளளவு 340 லிட்டர் என்று போட்டிருந்தது. 25 கிலோ அரிசி மூட்டை சுமார் 32 லிட்டர் இடம் பிடிக்கும். வகுத்துப் பார்த்தால் பத்தரை வருகிறது. பத்து மூட்டை கண்ணை மூடிக்கொண்டு போகும் என்று மனைவியிடம் வேறு சொல்லியிருந்தேன்.

அன்று இரவே டேப்பை எடுத்துக்கொண்டு டிக்கிக்குள் குனிந்தேன். சக்கர மேடு இரண்டுக்கும் நடுவே அகலம் 102 சென்டிமீட்டர். சீட் முதுகிலிருந்து கதவு வரை 70. தரையிலிருந்து, டிக்கியை மேலே மூடியிருக்கும் தட்டு வரை உயரம் 46. மூட்டையையும் அளந்தேன். நீளம் 68, அகலம் 40, கனம் 12. பக்கம் பக்கமாக இரண்டு வைத்தால் 80 சென்டிமீட்டர் போய்விடும். மிச்சம் இருக்கிற 22இல் செருப்பு வைக்கலாம், தண்ணீர் பாட்டில் வைக்கலாம், மூட்டையைப் படுக்கவைக்க முடியாது. உயரத்தில் மூன்று அடுக்கு போகும். நாலாவது அடுக்குக்கு வெறும் இரண்டு சென்டிமீட்டர் குறைகிறது. தட்டைக் கழற்றிவிட்டு வைக்கலாம் என்றால், அந்த உயரத்தில் கதவும் கண்ணாடியும் உள்பக்கமாகச் சாய்ந்து வருகின்றன. ஆக, ஆறு. பையன் கையாலேயே கணக்குப் போட்டுவிட்டான்.

அந்த 340 பொய்யில்லை. லிட்டரை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டபோதுதான் விஷயம் புரிந்தது. ஜெர்மனியின் வாகனத் தொழில் சங்கம் வகுத்த முறை ஒன்று இருக்கிறது. 200 மில்லிமீட்டர் நீளம், 100 அகலம், 50 கனத்தில் ஒரு கட்டை. சரியாக ஒரு லிட்டர். நம் செங்கல்லைவிடச் சின்னது. டிக்கிக்குள் இந்தக் கட்டைகளை அடுக்கி எத்தனை போகிறது என்று எண்ணுவார்கள். சக்கர மேட்டுக்குப் பின்னால் இருக்கும் பொந்தில்கூட நாலு கட்டை போய் உட்கார்ந்துகொள்ளும். அதுவும் நாலு லிட்டர்தான். அரிசி மூட்டை அந்தப் பொந்துக்குள் போகுமா?

டிக்கி இவ்வளவு குட்டையாக இருப்பதற்கு வரியும் ஒரு காரணம். 2006 பட்ஜெட்டிலிருந்து நாலு மீட்டருக்கு மேல் போகாத வண்டிக்குத்தான் சின்ன வண்டி என்ற சலுகை. பெட்ரோல் என்றால் இன்ஜின் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500க்குள் இருக்க வேண்டும். அதனால் நம் ஊரில் விற்கிற சின்ன எஸ்யூவிகள் பெரும்பாலும் நாலு மீட்டர் கோட்டுக்கு ஒரு விரல் உள்ளே நிற்கின்றன. முன்னால் இன்ஜினுக்கு இடம் விட வேண்டும். பின் சீட்டில் கால் நீட்ட இடம் இல்லாவிட்டால் ஷோரூமிலேயே திரும்பிப் போய்விடுவார்கள். கத்தி விழுவது டிக்கி மேல்தான். நான் வாங்கியபோது ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 29 சதவீதம். எட்டு மாதம் கழித்து, 2025 செப்டம்பர் 22இலிருந்து, 18 ஆக்கிவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சரி, டிக்கி போதாவிட்டால் பின் சீட்டை மடித்துக்கொள்ளலாமே? அறுபதுக்கு நாற்பது என்று இரண்டு பங்காக மடியும் 60:40 பிரிப்பு இருக்கிறதே? இருக்கிறது. விற்பனையாளர் தம்பி ஷோரூமில் ஒரே இழுப்பில் சீட்டைச் சாய்த்துக் காட்டினார், நானும் தலையாட்டினேன். அவர் காட்டியது முன் சீட்டு இரண்டையும் முன்னால் தள்ளி வைத்திருந்த வண்டியில். என் உயரத்துக்கு ஓட்டுநர் சீட்டைப் பின்னால் இழுத்த பிறகு கதை வேறு.

ஒரு தடவை மடிப்பதென்றால் இவ்வளவும் செய்ய வேண்டும். மடிக்கிற கொக்கி சீட்டின் தோள் பக்கம், கதவோரம் இருக்கிறது. டிக்கியில் நின்றுகொண்டு கையை நீட்டினால் எட்டாது. ஆகவே பின் கதவுக்குப் போக வேண்டும். அதற்கு முன் தலைச்சாய்வைக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் அது என் சீட்டின் முதுகில் இடித்துக்கொண்டு நிற்கும். கழற்றியதை எங்கே வைப்பது? காலடியில்தான். அப்புறம் பெல்ட்டை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு சீட்டைச் சாய்க்க வேண்டும். திரும்ப நிமிர்த்தும்போது அந்தப் பெல்ட் சீட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். கொக்கியில் சிவப்புக் கோடு தெரிந்தால் பூட்டு விழவில்லை என்று அர்த்தம். மறுபடி சாய்த்து, பெல்ட்டை விடுவித்து, மறுபடி நிமிர்த்தி, குத்துவிட்டால் பூட்டு விழும். நன்றாகப் பழகிய பிறகும் எனக்கு நாலு நிமிஷம் பிடிக்கிறது. வேட்டியோடு என்றால் ஐந்து.

இத்தனையும் செய்தால் தரை சமமாக வருமா என்றால், வராது. சில வண்டிகளில் உட்காரும் பலகையை முதலில் முன்னால் தூக்கி நிறுத்திவிட்டு, முதுகை அந்தப் பள்ளத்தில் படுக்க வைப்பார்கள். தரை ஓரளவு நேராக இருக்கும். என் வண்டியில் உட்காரும் பலகை அசையாது. முதுகு அதன் மேலேயே கவிழ்ந்துகொள்கிறது. டிக்கித் தரைக்கும் கவிழ்ந்த சீட்டுக்கும் நடுவே 11 சென்டிமீட்டர் படி. படிக்கு மேலே சீட் முன்பக்கம் பார்த்து ஏறுகிறது. மூட்டையை அதில் வைத்தால் குழந்தை சறுக்குமரம் ஏறின மாதிரி மெல்லப் பின்னால் வழுக்கி வரும். தாம்பரம் போய் டிக்கியைத் திறந்தபோது மேல் மூட்டை நேராக மருமகன் கால் கட்டைவிரலில் விழுந்தது. அவர் நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை.

40 பங்கு எந்தப் பக்கம் என்பதையும் வாங்கும்போது நான் பார்க்கவில்லை. இதில் இடது பக்கம். என் மாமியாருக்கு மூட்டுவலி. இடது பக்கம் இறங்கினால்தான் நடைபாதையில் கால் வைக்கலாம். அவருக்கு அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு 60 பங்கை மடித்தேன். எட்டு மூட்டையும் ஏறிவிட்டன, அத்தையும் ஏறிவிட்டார்கள். ஆனால் அணைக்கரை தாண்டி ஒரு வளைவில் பின்னாலிருந்து குரல் வந்தது. "மாப்பிள்ள, இந்த மூட்ட ஏந் தோள்ல சாஞ்சு தூங்குது."

சிரித்தோம். ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை. சீட் நிமிர்ந்திருக்கும் வரை அதுவே ஒரு தடுப்பு. மடித்துவிட்டால் 25 கிலோ மூட்டைக்கும் ஆட்களுக்கும் நடுவே எதுவும் கிடையாது. சடன் பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்து அன்று அறுபதுக்கு மேல் போகவில்லை. கட்டிவைக்கலாம் என்றால், டிக்கியின் பக்கவாட்டில் இருக்கும் பை மாட்டும் கொக்கியில் 3 கிலோ என்று அச்சடித்திருக்கிறது. தரையில் இருக்கும் இரும்பு வளையம் தேவலாம், இப்போது அதில்தான் கயிறு கோத்துக் கட்டுகிறேன். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் முழுச் சுமைக்குப் பின் டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்று தனியாகப் போட்டிருக்கும். அதைப் பார்த்து வைத்தால் வால் பக்கம் அலைவது குறைகிறது.

எங்களிடம் முன்னால் இருந்தது பழைய மாருதி ஆம்னி வேன். அதில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். பின்னால் தரை வாசல் திண்ணை மாதிரி சமமாகக் கிடக்கும். மூட்டை, வாழைத்தார், பம்ப் மோட்டார், ஒரு தடவை கன்றுக்குட்டி, எதையும் யோசிக்காமல் ஏற்றினோம். பாதுகாப்பு என்று பார்த்தால் முட்டிக்கு முன்னால் ஒரு தகரம், அவ்வளவுதான். புது விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் 2019இல் அதன் தயாரிப்பு நின்றது. நின்றது சரிதான் என்று புத்திக்குத் தெரிகிறது. மில்லுக்குப் போகும் நாளில் மட்டும் புத்தி கேட்பதில்லை.

அடுத்த வழக்கு வீணை. சின்ன மகள் தஞ்சாவூரில் படிக்கிறாள், வீணை கற்றுக்கொள்கிறாள். பலா மரத்தில் செய்த தஞ்சாவூர் வீணை, பெட்டியோடு நாலரை அடி. குறுக்கே வைக்க டிக்கியில் இடமில்லை, 40 பங்கை மடித்து நீளவாக்கில்தான் வைக்க வேண்டும். குடம் இருக்கிற கனமான பக்கம் டிக்கித் தரையில், யாளி முகம் இருக்கிற பக்கம் மடித்த சீட்டின் மேல். நடுவே அந்தப் படி. பெட்டி படியின் விளிம்பில் ஏற்றப்பலகை மாதிரி ஆடியது. ஜமுக்காளத்தைச் சுருட்டி அடியில் கொடுத்து, இரண்டு தலையணை செருகி, ஒரு வழியாக நிறுத்தினோம். வீணைத் தண்டுக்கு அடியில் இருக்கும் சுரைக்காயைக் கழற்றி அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.

அதைவிட வெயில்தான் பெரிய தொந்தரவு. வீணையில் தந்திக்கு அடியில் வரிசையாக இருக்கும் மெட்டுகள் இருபத்துநாலும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. சீட்டை மடித்துப் பெட்டியை நீட்டினால் டிக்கியின் மேல் தட்டைக் கழற்றியாக வேண்டும். தட்டு போனால் பின் கண்ணாடி வழியாக வெயில் நேராகப் பெட்டியில் இறங்கும். போன சித்திரையில் பாட்டு வாத்தியார் வீட்டு வாசலில் முக்கால் மணி நேரம் வண்டி நின்றது. திறந்து பார்த்தால் மெழுகு இளகி, மேல் ஸ்தாயியில் இரண்டு மெட்டு ஒரு மயிரிழை நகர்ந்திருந்தது. ஒரு மயிரிழை நகர்ந்தால் சுருதி எங்கே போகும் என்று வீணை வாசிப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மெழுகு வேலைக்கு ஆளைத் தேடிப் பிடித்துச் சரிசெய்தோம்.

கழற்றிய தட்டை வைக்கவும் வண்டிக்குள் இடம் கிடையாது. டிக்கித் தரைக்கு அடியில் நுழையாது, சீட்டுக்குப் பின்னாலும் நிற்காது. வீட்டில் பத்தாயத்தின் மேல் கிடக்கிறது.

நாச்சியார்கோயிலில் ஐந்தடி குத்துவிளக்கு ஒன்று வாங்கினோம், தங்கை மகள் கல்யாணத்துக்கு. இது எப்படிப் போகும் என்று நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். கடைக்காரர் அன்னத்தைத் திருகினார், தட்டைத் திருகினார், தண்டை மூன்றாகப் பிரித்தார், பாதத்தைச் சாக்கில் சுற்றினார். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் டிக்கிக்குள். வண்டலில் அச்சுப் பிடித்து வார்க்கிற பட்டறைக்காரர்களுக்கு இந்த யோசனை எப்போதோ வந்திருக்கிறது.

இந்த வருஷ அரிசிப் பயணத்தில் பஞ்சர். விடிகாலை நாலரை மணி, சேத்தியாத்தோப்புக்கு முன்னால், பழைய வழியில் வீராணம் ஏரிக்கரை. மாற்றுச் சக்கரம் டிக்கித் தரைக்கு அடியில் இருக்கிறது. தரைமேல் மூட்டை. எட்டையும் இறக்கிக் கரையில் அடுக்கினேன். டிக்கியின் வாசல் விளிம்பு தரையிலிருந்து 72 சென்டிமீட்டர். ஒவ்வொரு மூட்டையையும் அந்த விளிம்புக்கு மேலே தூக்கித்தான் வெளியே எடுக்க முடியும். ஐம்பத்துநாலு வயசு இடுப்புக்கு அது என்ன செய்யும் என்று மறுநாள் தெரிந்தது. கொள்ளிடத்துத் தண்ணீர் வடவாற்று வழியாக இந்த ஏரிக்கு வந்து, இங்கிருந்து சென்னைக்குக் குடிக்கப் போகிறது. என் அரிசியும் அதே ஊருக்குத்தான், கொஞ்ச நேரம் இருவரும் சேர்ந்து நின்றோம்.

மாற்றுச் சக்கரம் சூம்பின சக்கரம். இடத்தை மிச்சம் பிடிக்கச் சின்னதாகக் கொடுக்கிறார்கள். எண்பதுக்கு மேல் ஓட்டாதே என்று மஞ்சள் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறது. அது பரவாயில்லை. ஆனால் கழற்றிய முழு டயர் அந்தக் குழிக்குள் இறங்கவில்லை! குழி சின்னச் சக்கரத்தின் அளவுக்கு வெட்டியது. ஏரிக்கரைச் சேறு அப்பிய டயரை எங்கே வைப்பேன்? வெள்ளை மூட்டைகளின் மேலேதான். சம்பந்தி அம்மாளுக்குக் கொடுத்த இரண்டு மூட்டையிலும் டயரின் பட்டை அச்சு விழுந்திருந்தது.

திரும்பி வந்ததும் ஷோரூமுக்குப் போய்ச் சொன்னேன். "எல்லா வண்டியும் இப்படித்தான் சார்" என்றார்கள். முழுப் பொய்யும் இல்லை. அதனால்தான் வண்டியின் பெயரை இங்கே எழுதவில்லை.

கும்பகோணத்தில் தெரிந்த ஆசாரியிடம் போனேன். அவர் டிக்கியை ஒரு நிமிஷம் பார்த்தார், படியில் கைவிரலை வைத்தார், "கால் போட்டு ஒரு பலகை அடிச்சிருவோம்" என்றார். 12 மில்லிமீட்டர் பிளைவுட், கீல் வைத்து இரண்டாக மடியும், அடியில் 10 சென்டிமீட்டர் கால். மேலே கயிற்றுப் பாய் ஒட்டினார். கூலியோடு 3,800 ரூபாய். இப்போது சீட்டை மடித்தால் படி இல்லை. வாசல் விளிம்பும் பலகையும் கிட்டத்தட்ட ஒரே மட்டம், மூட்டையைத் தூக்க வேண்டாம், இழுத்தால் போதும். பலகைக்கு அடியில் கயிறு, குடை, மண்வெட்டி.

ஆனால் சீட்டை நிமிர்த்திவைத்து ஓட்டும் நாளில் அதே பலகை 11 சென்டிமீட்டர் உயரத்தைத் தின்றுவிடுகிறது. மூன்று அடுக்கு இரண்டாகி, ஆறு மூட்டை நாலு ஆகிவிட்டது. ஆகவே பலகையைப் போடுவதும் எடுப்பதுமாக இருக்கிறேன். எடுத்தால் வைக்கிற இடம் பத்தாயம்தான், அங்கே ஏற்கெனவே தட்டு இருக்கிறது.

மற்றபடி வண்டியில் குறை சொல்ல அதிகம் இல்லை. வாய்க்கால் கரை மேட்டில் வயிறு தட்டாமல் போகிறது, பின்னால் ஏசி காற்று வருகிறது, நெடுஞ்சாலையில் லிட்டருக்குப் பதினெட்டு கொடுக்கிறது. டிக்கித் தரைவிரிப்பு மட்டும் மட்டம். உமியும் தவிடும் அதில் ஒட்டினால் பிரஷ்ஷுக்கும் வராது, வேக்குவத்துக்கும் வராது, ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும்.

சகலை வண்டி வாங்கப் போனபோது என்னையும் கூப்பிட்டார். நான் வைக்கோல் அடைத்த ஒரு 25 கிலோ சாக்கும், வீணைப் பெட்டி நீளத்துக்கு வெட்டின ஒரு மூங்கில் கழியும் கொண்டுபோனேன். விற்பனைப் பையன் முதலில் சிரித்தான். பிறகு அவனே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாலு வண்டியிலும் சாக்கை நுழைத்துப் பார்த்தான். ஓட்டுநர் சீட்டை சகலையின் காலுக்குத் தகுந்தபடி தள்ளிவைத்துவிட்டுத்தான் பின் சீட்டை மடிக்கச் சொன்னேன். தாளில் லிட்டர் அதிகம் காட்டிய வண்டியில் கழி நுழையவில்லை. உட்காரும் பலகை முன்னால் தூக்கி நிற்கிற வண்டி ஒன்று இருந்தது, லிட்டரில் அதுதான் கடைசி. அதைத்தான் வாங்கினார். போன வாரம் ஒன்பது மூட்டை ஏற்றினதாக போனில் சொன்னார். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

பங்குனி வெயில் ஆரம்பித்துவிட்டது. பத்தாயத்தின் மேல் கிடந்த டிக்கித் தட்டை என் மனைவி மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், துணி விரித்து, வெங்காய வடகம் காயவைத்திருக்கிறாள். லேசாக இருக்கிறது, காக்கை தட்டிவிடவும் முடியாது, அளவாக இருக்கிறது என்கிறாள். நேற்று சின்ன மகள் கிளம்பும்போது வெயிலுக்குப் பயந்து அந்தத் தட்டைக் கேட்டாள், வீணைப் பெட்டிக்கு மேலே எப்படியாவது சாய்த்து வைத்துக்கொள்ளலாமே என்று. மாடியிலிருந்து பதில் வந்தது:

"வடகம் இன்னும் ரெண்டு வெயில் காயணும். போர்வையப் போட்டு மூடிக்கிட்டுப் போ."